அடித்த பிறகு அறிந்தேன்

"அடிக்காதீங்க சார்! அது கடிக்காது!"

அந்தச் சிறுமி கூவியது என் காதில் விழுந்தது. விழுந்த பிறகும் என் கை நிற்கவில்லை.

மாரமங்கலத்தை அடுத்த ஒரு மலைப்பள்ளி. ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டி ஓய்ந்திருந்த காலை நேரம். வகுப்பறை வாசலில், ஈரமண்ணின் மீது, சாண் நீளத்துக்குச் சற்றே மிகுந்த ஒன்று நெளிந்து கொண்டிருந்தது. மின்னும் பழுப்பு உடல். ஒரு முனை கூர்மை. மறு முனை, அரிவாளால் சீவி எறிந்தது போல மொட்டை. எது தலை, எது வால் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமை ஒன்று போதாதா, மனிதன் தடியெடுக்க! எடுத்தேன், அடித்தேன், செத்தது.

ஏழாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பெண் அழவில்லை. செத்துக் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். "மண்ணுக்குள்ளயே இருக்கும் சார். எங்க பாட்டி களை கொத்தறப்போ வரும். மண்புழுதான் திங்கும். பாட்டி எடுத்து ஓரமா விட்டுடும்" என்றாள். வகுப்புக்குள் போய்விட்டாள்.

அவ்வழியே காப்பித் தோட்டத்துக்குச் சென்று கொண்டிருந்த முதியவர் ஒருவர் நின்றார். "நல்ல காரியம் செஞ்சீங்க வாத்தியாரே! இருதலைப் பாம்பு. நக்கிச்சுன்னா குஷ்டம் வந்துரும்" என்று பாராட்டிவிட்டு நடந்தார்.

தோழர்களே! அந்தப் பாராட்டுத்தான் என்னைச் சுட்டது. ஏனெனில், முந்திய வெள்ளிக்கிழமைதான், அதே வகுப்பறையில், அதே பிள்ளைகளிடம், பாம்பைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கியிருந்தேன். பாம்பு பால் குடிக்க வருவதில்லை, பழி வாங்குவதில்லை, மாணிக்கம் கக்குவதில்லை, புற்றுக்கு முட்டை வைப்பது பேதைமை என்றெல்லாம் அடுக்கினேன். பிள்ளைகள் கை தட்டினர். பகுத்தறிவை மலைமேல் ஏற்றிவிட்டதாகப் பூரித்துப் போனேன். ஒரு வாரம் செல்லவில்லை, மூடநம்பிக்கை என்னைத் தேடி வந்து நன்றி கூறிவிட்டுப் போயிற்று!

குஷ்டம் பாம்பு நக்குவதால் வருவதன்று. ஒரு நுண்கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே அந்தக் கிருமியைக் கண்டறிந்துவிட்டார். இது எனக்குத் தெரியும். முதியவரிடம் கூறியிருக்கலாம். கையில் தடியும், காலடியில் செத்த பாம்பும் இருக்கையில் எந்த வாயால் கூறுவது? அவருக்கு நோயென்னும் அச்சம். எனக்கு நஞ்செனும் அச்சம். இருவருமே பார்க்கவில்லை. பார்த்தவள், களை கொத்தும் ஒரு பாட்டியின் பேத்தி.

பேய் இல்லை என்று மறுக்கக் கற்றிருந்தேன். பாம்பு எது என்று பார்க்கக் கற்றிருக்கவில்லை. மறுப்பது பகுத்தறிவின் பாதி. மறு பாதி எங்கே? அதைத் தேடித்தான் அடுத்த ஞாயிறு சேலத்துக்கு இறங்கினேன்.

நூல்களைப் புரட்டியதில் முதலில் தெரிந்தது, நான் கொன்றது எத்தகையது என்பது. மொட்டை வாலுடைய அந்தப் பாம்புகளைக் கேடயவால் பாம்புகள் என்று அறிவியலார் அழைக்கின்றனர். தீபகற்ப இந்தியாவும் இலங்கையும் அன்றி உலகில் வேறெங்கும் இக்குடும்பம் இல்லை. நஞ்சில்லை. கூரிய தலையால் ஈரமண்ணைத் துளைத்துச் செல்லும், மண்புழுவைத் தின்னும், முட்டையிடாமல் குட்டி ஈனும். வால் முனையின் சொரசொரப்பில் மண் ஒட்டி, துளையை அடைக்கும் மூடி போலாகிவிடும். இவற்றுள் ஓரினத்தை நமது சேர்வராயன் மலையில் எடுத்து, 1863இல், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெடோம் என்ற ஆங்கிலப் படை அதிகாரி நூலில் பதிவு செய்தார். ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த இனத்தைச் சேர்வராயன் மலைக்கே உரியதாக நூல்கள் குறிக்கின்றன. நான் அடித்தது அந்த இனமேதானா என்று அறுதியிட்டுக் கூற எனக்குத் தகுதியில்லை. செத்ததை வைத்து எண்ணிப் பார்க்கக்கூட அன்று எனக்குத் தோன்றவில்லையே!

எண்ணிப் பாருங்கள்: மலைக்கு வந்த வெள்ளையர் குனிந்து பார்த்தார், எழுதி வைத்தார். மலையிலேயே வாழும் பாட்டி குனிந்து பார்த்தார், எடுத்து ஓரமாக விட்டார். இடையிலே வந்த நான், பட்டம் பெற்றவன், குனியாமலே அடித்தேன். கல்லூரி எனக்குப் பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டுகளைக் கற்றுத் தந்தது. காலடி மண்ணைக் கற்றுத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவதாக அன்று என் கைக்கு வந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தமிழ் நூல். எழுதியவர் மா. கிருஷ்ணன். தொகுத்தவர், இன்று தமிழில் சூழலியல் எழுதுவோரில் மூத்தவரான தியடோர் பாஸ்கரன். என் பாம்பைப் பற்றிய விளக்கம் தேடித்தான் அதைப் பிரித்தேன். கிடைத்தது வேறு: ஓர் உயிரை எப்படிப் பார்ப்பது என்ற பாடம்.

யார் இந்தக் கிருஷ்ணன்?

சீர்திருத்தம் பேசும் நாம் அவருடைய தந்தையை அறிவோம். 1898இல் வெளிவந்த 'பத்மாவதி சரித்திரம்' நாவலின் ஆசிரியர் அ. மாதவையா. பிறந்த சாதியின் கட்டுகளையும், குழந்தை மணத்தையும், கைம்பெண்கள் பட்ட கொடுமையையும் உள்ளிருந்தே சாடியவர். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர், அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். தமிழுக்காகப் பேசிய மூச்சே கடைசி மூச்சாயிற்று. 1912 ஜூன் 30ஆம் நாள் பிறந்த கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

தந்தை சமூகத்தை உற்றுப் பார்த்தார். மகன் காட்டை உற்றுப் பார்த்தார். பார்த்ததை அஞ்சாமல் எழுதுவது இருவருக்கும் பொது.

சென்னை மாநிலக் கல்லூரியில் கிருஷ்ணன் தாவரவியல் மாணவர். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஃபைசன். மாணவனை வகுப்பறையில் அடைத்து வைக்காமல் மலைகளுக்கு அழைத்துச் சென்றவர். தென்னிந்திய மலைவாசத் தலங்களின் தாவரங்களைப் பற்றி ஃபைசன் 1932இல் வெளியிட்ட பெருநூலில் உதகை, குன்னூர், கோத்தகிரி, கோடைக்கானல் ஆகியவற்றுடன் ஏற்காடும் இடம்பெற்றது. நான் அன்றாடம் மிதித்துச் செல்லும் செடிகள், என் தாத்தா காலத்திலேயே புத்தகத்தில் ஏறிவிட்டிருந்தன. அவற்றில் ஐந்தின் பெயரைக்கூட அறியாமல்தான் நான் ஆசிரியனாக இருந்தேன்.

கிருஷ்ணன் சட்டமும் படித்தார். பல வேலைகள் பார்த்தார். 1942இல் பல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்குச் சென்றார். அங்கே அவர் வகித்த பொறுப்புகளைக் கேட்டால் வியப்பீர்கள்: நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர். அவற்றோடு, பள்ளி ஆசிரியர்! ஆம், தோழர்களே, என்னைப் போல ஒரு சிற்றூரில் கரும்பலகை முன் நின்றவர்தான். அலுவல் முடிந்த பொழுதெல்லாம் சண்டூரின் குன்றும் புதரும் அவருக்குப் பள்ளியாயின. சமஸ்தானம் மறைந்த பின் சென்னை திரும்பியவர், எந்த அலுவலகத்தின் ஊதியத்தையும் நம்பாமல், எழுத்தையும் ஓவியத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார்.

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி தொடங்கினார். 1996 பிப்ரவரி 18இல் அவர் மறையும் வரை அந்தப் பத்தி தொடர்ந்தது. 46 ஆண்டுகள்! ஆட்சிகள் மாறின, அணைகள் எழுந்தன, காடுகள் சுருங்கின. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். யானையைப் பற்றி மட்டுமா? அணிலைப் பற்றி, காக்கையைப் பற்றி, கொல்லைப்புறத்து ஓணானைப் பற்றி. சிறிய உயிர் என்று எதையும் ஒதுக்கவில்லை.

1968இல் நேரு நினைவு ஆய்வு உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. தீபகற்பத்தின் பெரிய விலங்குகளைப் பற்றிக் காடு காடாகச் சென்று நேரில் ஆய்ந்தார். 1959 முதல் 1970 வரையிலான இந்திய வனவிலங்குகளின் நிலை குறித்த அவரது நூலை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. பல கருவிகளின் பாகங்களைப் பூட்டித் தாமே அமைத்த கனத்த கேமராவைச் சுமந்து சென்று, கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். பெரியசாமித் தூரன் தலைமையில் உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதித் தந்தார். சங்கப் பாடல்களில் வரும் உயிரினங்களைத் தாம் காட்டில் கண்டவற்றோடு ஒப்பிட்டும் எழுதினார். பாட்டில் இருக்கிறது என்பதற்காக ஏற்பதில்லை. பழையது என்பதற்காகத் தள்ளுவதுமில்லை. கண்ணெதிரே நிறுத்திப் பார்ப்பது. இதைத்தானே நாம் பகுத்தறிவு என்கிறோம்?

இந்த நெறியை என் மலைக்கு வைத்துப் பார்த்தேன். கிருஷ்ணன் நாட்டுப்பற்றுக்கு ஒரு புதுப் பொருள் தந்தவர். கொடியும் கோஷமும் மட்டுமன்று, அந்த நிலத்துக்கே உரிய மரமும் செடியும் விலங்கும் பறவையும் சேர்ந்ததே நாடு. அவற்றைக் காப்பதே நாட்டுப்பற்று என்றார். அயல்நாட்டு மரங்களை அழகுக்காகவும் ஆதாயத்துக்காகவும் நட்டு, மண்ணின் மரங்களை மறப்பதைக் கடிந்தார்.

மாரமங்கலத்துச் சாலையில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகு, அடியில் காப்பி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை இங்கே கொண்டு வந்தார். ஏற்காட்டிலேயே, இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தோட்டத்தில், 'சேர்வராயென்சிஸ்' என்று இந்த மலையின் பெயரையே தாங்கிய ஓர் அரிய மரம் வளர்க்கப்படுகிறது. நம் மலையின் பெயரால் உலகம் அறிந்த மரத்தை என் மாணவர்கள் அறியார். ஆஸ்திரேலிய மரத்தின் விலையை அறிவார்கள். என்ன செய்வது, வெட்டினால் காசாகிறதே!

இங்கேதான் நான் கிருஷ்ணனோடு சற்று வாதாட வேண்டியவனாகிறேன். என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளில் பலர் காப்பி பறிப்போரின் மக்கள். காப்பி அயலது என்று பிடுங்கி எறியச் சொன்னால், அவர்கள் வீட்டு அடுப்பையும் சேர்த்தே அணைத்தவனாவேன். நிழலுக்கு எல்லாத் தோட்டத்திலும் ஒரே மரத்தை நடாமல், பலாவும் அத்தியும் நாவலும் கலந்து வைத்தால் காப்பியும் விளையும், கனி தேடிப் பறவையும் வரும் என்பது பாட்டி போன்றவர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஆதலால் என் வாதம், வந்ததை விரட்டுவதற்கன்று; இருந்ததை அழிக்காமல் இருப்பதற்கு.

இன்னொன்றும் உண்டு. மனிதத் தலையீடே இல்லாத காட்டுப் பகுதிகள் வேண்டும் என்று கிருஷ்ணன் வற்புறுத்தினார். அவர் கண்ட அழிவு அப்படி! துப்பாக்கியும் கோடரியும் அணைத் திட்டமும் புகுந்து காட்டைத் தின்றதை நேரில் பார்த்தவர். அந்த வேதனையை மதிக்கிறேன். ஆயினும், சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கோடரி ஏந்திய ஒப்பந்தக்காரனும், சாமை விதைத்த பாட்டியும் ஒன்றா? காட்டில் வாழ்வோர்க்குக் காட்டில் உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ளவே 2006ஆம் ஆண்டு ஆயிற்று. ஒப்புக்கொண்ட உரிமை கைக்கு வருவதற்கு இன்னும் மனு எழுதிக் கொண்டிருப்போர் எத்தனை பேர்!

இதற்கு விடையும் கிருஷ்ணன் எழுதிய ஓர் ஊரிலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அந்த ஏரிப் பறவைகளை முதலில் காத்தது எந்த அரசும் அன்று, ஊர் உழவர்கள். புண்ணியம் கருதியா காத்தனர்? இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்த வயல் உரம் பெற்று விளைவதைக் கண்டனர். கண்டதால் காத்தனர். வேட்டைக்கு வந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு உரிமைச் சீட்டே பெற்றனர். பள்ளி செல்லாத உழவனின் பகுத்தறிவு அது! மனிதனை வெளியேற்றிக் காத்த கதையன்று. மனிதன் உள்ளிருந்து காத்த கதை. ஆசானிடம் கற்றதைக் கொண்டே ஆசானை மறுப்பது அவமதிப்பாகாது. மறுக்க இடந்தராத ஆசானை நாம் ஏற்பதுமில்லை.

மலைக்குத் திரும்பினேன். மறுநாள் வகுப்பில், தடியெடுத்தது தவறு என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஆசிரியர் தவறை ஒப்புவது அவர்களுக்கு ஏதோ கிரகணம் போன்ற அரிய காட்சியாக இருந்திருக்க வேண்டும்!

அன்று ஒரு குறிப்பேடு தொடங்கினோம். நாற்பது பக்க நோட்டுத்தான். விதி மூன்று: கண்டதை மட்டும் எழுது, நாளையும் இடத்தையும் எழுது, பிறர் சொன்னது என்றால், சொன்னார் என்று எழுது. முதல் வாரம் பிள்ளைகள் புத்தகத்தில் படித்த சிங்கத்தையும் மயிலையும் எழுதினர். "எங்கே கண்டாய்?" என்று கேட்டேன். விழித்தனர். இரண்டாம் வாரம் காப்பிப் பூவில் மொய்க்கும் தேனீ வந்தது. மூன்றாம் வாரம் ஒரு பையன், தன் வீட்டுக் கூரையில் ஆந்தை அலறியதையும், மறுநாள் யாரும் சாகவில்லை என்பதையும் எழுதினான். கடைசிச் சொற்களின் கீழ்க் கோடிட்டிருந்தான். நான் ஒரு மணி நேரம் முழங்கி ஆக்க முடியாததை, ஒரு வரிக் குறிப்பு ஆக்கிவிட்டது.

மூடநம்பிக்கை கொல்வது மட்டுமா செய்கிறது? திருடவும் செய்கிறது! மண்ணுளிப் பாம்பு என்ற மற்றோர் அப்பாவி உயிரை, அதுவும் 'இருதலை'ப் பாம்பு என்பதால், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று கூறி இலட்சக்கணக்கில் பேரம் பேசுகிறது ஒரு கூட்டம். பிடிபட்டுச் சிறைக்குப் போவோரும், பணத்தைத் தொலைத்து அழுவோரும் செய்தித்தாள்களில் வந்தவண்ணம் உள்ளனர். ஒரே வால், அதை ஒருவர் நோய் என்கிறார், ஒருவர் புதையல் என்கிறார். வாலை வாலென்று கூற எத்தனை பேர் இருக்கிறோம்?

அதனால்தான் கேட்கிறேன், தோழர்களே. மேடையில் நாம் மறுக்கிறோம், மறுக்கத்தான் வேண்டும். மேடையை விட்டு இறங்கிய பின், நம் தெரு மரத்தின் பெயர் நமக்குத் தெரியுமா? வாசலில் ஊர்வது எதைத் தின்று வாழ்கிறது என்று அறிவோமா? அறியாத இடத்திலெல்லாம் அச்சம் குடியேறும். அச்சம் குடியேறிய வீட்டுக்குப் பூசாரி வந்து சேர்வான். காலியிடம் விடாதீர்கள்! ஒரு நோட்டும், ஒரு பென்சிலும், கால் மணி நேரப் பொறுமையும் போதும். 46 ஆண்டுகள் ஒருவர் எழுதினார். நாம் ஓராண்டு எழுதிப் பார்ப்போமே.

கார்த்திகை மழையில் மீண்டும் ஒன்று வந்தது. அதே வாசல், அதே பழுப்பு, அதே மொட்டை வால். பிள்ளைகள் சுற்றி நின்றனர். எல்லோருடைய கண்ணும் பாம்பின் மேலில்லை, என் மேல். என் கால்கள் நடுங்கின. மறைக்கவில்லை; நூலறிவு ஒரே மாதத்தில் காலுக்கு இறங்கிவிடுமா? நடுங்கியவாறே நின்றேன். அந்தப் பெண் ஒரு பலா இலையால் அதை ஏந்தினாள். அது அவள் விரலைச் சுற்றி வாலை அழுத்தியதே தவிர, வாயைத் திறக்கவில்லை. காப்பிச் செடியடியில் இறக்கிவிட்டாள். தலையால் மண்ணைத் துளைத்துக்கொண்டு மெல்ல உள்ளே சென்றது. கடைசியாக மறைந்தது அந்த மொட்டை வால்தான்.

மாலையில் குறிப்பேட்டைப் பார்த்தேன். நாள் இருந்தது, இடம் இருந்தது, மழை பெய்ததும் இருந்தது. கீழே, விதிப்படி, கண்டதை மட்டும் எழுதியிருந்தாள்:

"பாம்பு வந்தது. சார் பயந்தார். அடிக்கவில்லை."